நாலு பெட்டி, இருபது வாய்ப்பு

கையில் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. அதன் முனையில், லேசாகச் சாய்த்தாலே அங்குமிங்கும் ஆடும் ஒரு ஆன்டெனா. பேட்டரி கிடையாது; பிடித்திருப்பவர் உடம்பிலுள்ள நிலைமின்சாரமே போதுமாம். எதைத் தேட வேண்டுமோ அதற்குரிய அட்டையைச் செருகிக்கொண்டு நடந்தால், வெடிமருந்து இருக்கும் பக்கம் ஆன்டெனா திரும்பும் என்று சொல்லி, பிரிட்டன் நிறுவனம் ஒன்று ஜிடி200 என்ற இந்தக் கருவியை விற்றது. தாய்லாந்து ராணுவம் நூற்றுக்கணக்கில் வாங்கியது.

2009 அக்டோபரில் தெற்கு எல்லை நகரமான சுங்கை கோலோக்கில் ஒரு கார் வெடித்தது. அந்தக் காரை ஜிடி200 ஏற்கெனவே சோதித்து, ஒன்றுமில்லை என்று காட்டியிருந்தது. அதன் பிறகுதான் தாய்லாந்து விஞ்ஞானிகளின் கேள்விகள் அரசின் காதில் விழுந்தன.

2010 பிப்ரவரியில் சோதனை நடந்தது. ஏற்பாடு எளிமையானது. நாலு பெட்டிகள், ஒன்றில் மட்டும் சி-4 வெடிமருந்து. எந்தப் பெட்டி என்பது கருவியைப் பிடித்தவருக்கும் தெரியாது, அவர் அருகே நின்று குறிப்பெடுத்தவர்களுக்கும் தெரியாது. இப்படி இருபது முறை. கருவி சரியாகக் காட்டியது 4 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பெட்டியைக் கைகாட்டியிருந்தாலும் சராசரியாக 5 முறை சரியாக வந்திருக்கும். பிரதமர் அபிசித் வெஜ்ஜஜீவாவே முடிவை அறிவித்தார். இனி வாங்க வேண்டாம் என்றார்.

களத்தில் இருந்த சிப்பாய்களோ, எங்கள் கையில் இது வேலை செய்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. தளர்வாக ஆடும் ஒரு கம்பியைப் பிடித்திருப்பவர் மனதில் ‘இந்த வண்டி சரியில்லை’ என்று பட்டால், மணிக்கட்டு அவர் அறியாமலே துளி சாயும், கம்பி திரும்பிவிடும். திருப்பியது தான்தான் என்பது அவருக்கே தெரியாது. அனுபவமுள்ள சிப்பாயின் சந்தேகம் பல நேரம் சரியாகவும் இருக்கும்; பெயர் கருவிக்குப் போய்விடும். பலிக்காத நாட்களை யார் கணக்கு வைத்தார்கள்?

நம் ஊரில் கவட்டைக் குச்சியோடும் உள்ளங்கைத் தேங்காயோடும் நீரோட்டம் பார்ப்பதும் இதே கதைதான். ஜெர்மனியில் 1980களின் இறுதியில் மியூனிக் அருகே ஒரு களஞ்சியத்தில் இதைச் சோதித்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைக்க, மேல்தளத்தில் குச்சிக்காரர்கள் அது எங்கே என்று சொல்ல வேண்டும். சுமார் 500 பேரில் தேறிய 43 பேர், 843 முயற்சிகள். குச்சிக்காரர்களில் சிலருக்கு நிஜமாகவே திறமை உண்டு என்றார்கள் சோதனையை நடத்தியவர்கள். அதே எண்களை மறுபடி அலசிய ஜிம் என்ரைட், குருட்டு ஊகத்துக்கு மேல் எதுவுமில்லை என்று காட்டினார். தோட்டத்தில் பலிக்கிறதே என்றால், போதிய ஆழம் தோண்டினால் பல நிலங்களில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும்.

இப்படி ஒரு கருவியோ மருந்தோ எதிரே வந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கத்தில் மயங்குவதுதான் முதல் சறுக்கல். ‘குவாண்டம்’, ‘காந்த அதிர்வு’ என்று அடுக்குவார்கள். விளக்கம் இல்லாதது குற்றமே அல்ல. 1899இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் எப்படி வலியைக் குறைக்கிறது என்பது 1971இல்தான் புரிந்தது. அதுவரை அது வேலை செய்யாமல் இல்லை. கேட்க வேண்டியது வேறு: சோதித்தவருக்கு இதில் லாபம் உண்டா? விடை தெரியாத நிலையில் சோதித்தார்களா? எத்தனை முறைக்கு எத்தனை வந்தால் வெற்றி என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்களா? மூன்றாவதை விட்டுவிட்டால், தோற்ற பிறகு ‘பிடித்தவர் களைத்திருந்தார்’, ‘அட்டை கெட்டுவிட்டது’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். சான்றிதழ் காட்டினால், அதில் சோதித்தது எதை என்று பாருங்கள். பிளாஸ்டிக் உறுதியானது என்பதற்கும் சான்றிதழ் உண்டு.

ஜிடி200இன் அண்ணன் தம்பி போன்ற ஏடிஇ 651 கருவிக்கு ஈராக் 8.5 கோடி டாலர் வரை கொட்டியது. வேலை செய்வதாக நிரூபித்தால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்று மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 2008லேயே சவால் விட்டிருந்தார், யாரும் வரவில்லை. அதன் அட்டையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிரித்துப் பார்த்தபோது, கடைகளில் திருட்டைத் தடுக்கத் துணியில் ஒட்டுகிற சில்லுதான் இருந்தது. விற்ற ஜேம்ஸ் மக்கார்மிக்குக்கு 2013 மே மாதம் 10 ஆண்டு சிறை. ஜிடி200 விற்ற கேரி போல்டனுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் 7 ஆண்டு சிறை.

பாக்தாத் சோதனைச் சாவடிகளில் ஏடிஇ 651 அதன் பிறகும் புழக்கத்தில் இருந்தது. 2016 ஜூலையில் கராதா பகுதியில் நடந்த குண்டுவெடிப்பில் 300க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று பிரதமர் ஹைதர் அல் அபாதி உத்தரவிட்டார்.