கவிதை வகுப்பும் மலையக மாணவரும்



பல்கலைக்கழகத்தில் கவிதையை எவ்வாறு கற்பிக்கிறார்கள், அதைக் கற்கும் மாணவருக்கு என்ன நேர்கின்றது என்பதே இன்றைய உரையின் பொருளாகும். "கவிதை என்பது படித்து அனுபவிக்க வேண்டியது, அதைக் கற்பிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. "கற்பித்தால் கவிதை செத்துப்போகும்" என்பாரும் உளர். நான் ஹட்டனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எண்பதுகளில் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, பின்னர் தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கவிதை வகுப்பில் நான் பெற்றதும் உண்டு, தலைகுனிந்ததும் உண்டு. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சற்று வரலாறு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தோன்றியது. அடுத்த ஆண்டே சுவாமி விபுலாநந்தர் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். 1952 இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தது. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகும் கோச்சி பேராதனையைக் கடந்துதான் போகிறது. ஆயினும் அந்தத் தூரத்தைக் கடக்க எங்கள் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் சென்றன. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றன. எழுபதுகளில் அவற்றை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மெல்ல மாறியது. எனவே நாங்கள் விரிவுரை மண்டபத்தில் போய் அமர்ந்தபோது, அது எங்களுக்கும் உரிய இடம்தானா என்ற ஐயம் உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

தமிழ்க் கவிதையைக் கற்பிக்கும் முறைகளுள் மிகப் பழையது உரைமரபு. பதவுரை, பொழிப்புரை, துறை விளக்கம், இலக்கணக் குறிப்பு என்ற ஒழுங்கில் ஆசிரியர் பாடலைப் பிரித்துக் காட்டுவார். இம்முறையைப் பழிப்பது இன்று எளிது. ஆனால் உரையாசிரியர்கள் இல்லாவிடின் சங்கப் பாடல்களுள் பாதி நமக்குப் பூட்டிய கதவாகவே இருந்திருக்கும். ஒரு சொல் வழக்கிழந்துபோகும்போது அதை அறிந்த ஒருவர் அறியாத தலைமுறைக்கு எடுத்துச் சொல்வதே உரை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

இம்முறையின் குறை, அது குறிப்பெழுதும் பழக்கமாகச் சுருங்கிவிடுவதுதான். எங்கள் முதலாம் வருடத்தில் அப்படித்தான் நடந்தது. குறிஞ்சித் திணையைப் பற்றி விரிவுரையாளர் ஒருவர் மூன்று கிழமைகள் குறிப்புச் சொன்னார். மலையும் மலைசார்ந்த இடமும் நிலம், கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது, யாமம் சிறுபொழுது, தினை உணவு, முருகன் தெய்வம், புணர்தல் உரிப்பொருள். அத்தனையையும் எழுதிக்கொண்டேன். மலையில் பிறந்த நான், முன்பனியில் விறைத்துக்கொண்டு பாடசாலைக்குப் போன நான், குறிஞ்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பது ஒருமுறைகூட எனக்கு உறைக்கவில்லை. குறிஞ்சி புத்தகத்தில் இருந்தது; நான் வாழ்ந்தது எஸ்டேட்டில். இரண்டும் வேறு வேறு என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டாவது முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஐ.ஏ. றிச்சார்ட்ஸ் 1920களில் ஒரு பரிசோதனை செய்தார். எழுதியவர் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டுச் சில கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். ஒரு வாரம் படித்துப் பார்த்து மனதில் தோன்றியதை எழுதித் தருமாறு கேட்டார். அவ்வாறு பெற்றவற்றுள் 13 கவிதைகள் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்து 1929 இல் நூலாக்கினார். நல்ல பாடசாலைகளில் படித்து, கடினமான பரீட்சைகளில் தேறிய அம்மாணவர்களுள் பலருக்குக் கவிதையின் நேர்ப் பொருளே பிடிபடவில்லை. புகழ்பெற்ற கவிஞரின் கவிதையை, பெயர் தெரியாததால் குப்பை என்று தள்ளியவர்களும் இருந்தனர்.

வாசகர் இடறும் இடங்கள் பத்தினை றிச்சார்ட்ஸ் வகுத்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று, தயார்நிலையில் உள்ள உணர்ச்சியைக் கவிதையின் மேல் கொட்டிவிடுவது. தாய் என்றால் பாசம், மலை என்றால் அழகு, ஏழை என்றால் இரக்கம் என்று கவிதையைப் படிக்குமுன்னரே மனம் ஒரு விடையை எடுத்து வைத்துவிடுகிறது. பின்னர் கவிதை என்ன சொன்னாலும் காதில் விழுவதில்லை.

தமிழில் இவ்வகை நெருங்கிய வாசிப்பை எங்கள் நாட்டு மாணவருக்கு அறிமுகப்படுத்திய நூல்களுள், க. கைலாசபதியும் கவிஞர் இ. முருகையனும் இணைந்து எழுதி 1970 இல் வெளிவந்த 'கவிதை நயம்' குறிப்பிடத்தக்கது. திறனாய்வாளரும் கவிஞரும் சேர்ந்து ஒரு கவிதை எவ்வாறு இயங்குகிறது என்று விளக்கியமை அந்நூலின் சிறப்பு எனலாம்.

இந்த முறைதான் என்னைத் தலைகுனிய வைத்தது. இரண்டாம் வருடத்தில் வேறொரு விரிவுரையாளர் எங்களுக்கு வந்தார். றோணியோவில் அடித்த தாள்களைக் கொடுத்தார். மூன்று பாடல்கள், பெயர் இல்லை. மூன்றாவது பாடலைக் கண்டதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. அது எங்கள் தோட்டங்களில் பாடும் ஒரு தாலாட்டு. என் அம்மாயி பாடக் கேட்டிருக்கிறேன். அதில் 'பெரட்டு' என்ற சொல் வருகிறது. ஆனால் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'இது பாமரர் பாடல், சொற்பிழை மலிந்தது, யாப்பமைதி இல்லை, இலக்கியத் தரம் குறைவு' என்று எழுதினேன். தெரியும் என்று காட்டிக்கொண்டால் லயத்துப் பிள்ளை என்று அடையாளம் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். பல்கலைக்கழக மாணவன் இப்படித்தான் எழுத வேண்டும் என்ற நினைப்பு வேறு.

அடுத்த வகுப்பில் அவர் விடைகளை, எழுதியவர் பெயரைச் சொல்லாமலே வாசித்தார். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த நண்பர்கள் 'தாயின் எல்லையற்ற பாசம்' என்று ஒருவரைப் போல் ஒருவர் எழுதியிருந்தனர். என் விடையையும் வாசித்தார். பின்பு, "பெரட்டு என்றால் என்ன?" என்று கேட்டார். வகுப்பு அமைதியாக இருந்தது. நானும் பேசாமல் இருந்தேன்.

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி எழுந்தாள். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் தொழிலாளர் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும், அங்கே பேர் பதிந்து அன்றைக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவார்கள், அதற்குப் பெயர்தான் பெரட்டு என்றாள். "பிந்திப் போனால் விரட்டிவிடுவார்கள் சேர். அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓட வேண்டும். இந்தத் தாலாட்டில் அம்மாவுக்கு அவசரம். பிள்ளை தூங்கவில்லை என்று பயம்."

அந்த ஒரு விளக்கத்தில் பாடல் முழுவதும் மாறிவிட்டது. பாசத்தில் ஆறுதலாக இழுத்துப் பாடும் தாலாட்டு என்று நினைத்தது, மூச்சு வாங்கும் பாடலாக ஒலித்தது. வரிகள் ஏன் குறுகிக்கொண்டு போகின்றன என்பதும் அப்போதுதான் விளங்கியது. விரிவுரையாளர் சொன்னார்: "இன்றைக்கு இந்த வகுப்பில் உரையாசிரியர் இவர்தான்."

நேயர்களே, பெயரை மறைத்துப் படிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வகுப்பில் தெரிந்துவிடுகின்றன. பெயரை மறைத்ததனால் எங்கள் போலித்தனம் வெளிப்பட்டது, அது பலம். ஆனால் எத்தனை முறை உற்றுப் படித்தாலும் 'பெரட்டு' என்ற சொல் தன் பொருளைத் தானே சொல்லாது. அதை வாழ்ந்தவர் சொல்ல வேண்டும். கவிதைக்கு உள்ளே பார்க்கும் கண்ணும் வேண்டும், கவிதை பிறந்த இடத்தை அறிந்த வாயும் வேண்டும்.

இங்கேதான் மூன்றாவது முறை வருகிறது. கைலாசபதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ் ஆய்வு செய்தார். தொம்சன் கிரேக்க மொழி அறிஞர். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கற் தீவுகளுக்குப் போய், அங்குள்ள எளிய மக்களோடு பழகி அவர்களது மொழியைக் கற்றவர். பேச்சோடு பேச்சாகக் கவிதை பிறக்கும் அச்சூழலே ஹோமரை விளங்கிக்கொள்ள அவருக்கு உதவியது. அவருடைய மாணவரான கைலாசபதி, சங்கப் பாடல்களின் அடியில் பாணர்களின் வாய்மொழி மரபு இருக்கிறது என்று வாதிட்டார். தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968 இல் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வெளிவந்தது. எழுதாக் கவிதையும் கவிதைதான், அதற்கும் தனி இலக்கணம் உண்டு என்ற எண்ணம் எங்கள் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

அந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அம்மாயியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன்டா தம்பி, இதையா அங்க படிக்கச் சொல்றாங்க? படிச்ச புள்ளைக்கு இது எதுக்கு?" என்று சிரித்தார்.

தாலாட்டை இரண்டு நாட்களில் இரண்டு விதமாகப் பாடினார். மறந்துவிட்டார் என்று நினைத்து, நேற்றுப் பாடியபடி பாடச் சொன்னேன். "புள்ளைக்குத் தகுந்த மாதிரி பாட்டுடா" என்றார். வாய்மொழிப் பாடலுக்குச் சரியான பிரதி என்று ஒன்று இல்லை, சட்டகம் நிலைத்து நிற்கும், பேரும் ஊரும் ஆளும் மாறும் என்று நூலில் படித்ததை அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார். ஒப்பாரி பாடக் கேட்டபோது முகம் மாறியது. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது. மறுநாள் மாலை என்னை லயத்தைவிட்டு வெளியே, தேயிலை மலை ஓரத்துக்குக் கூட்டிப் போனார். கல்லில் உட்கார்ந்து, தன் தாய்க்குப் பாடியதைப் பாடினார். ஒரு பாடலுக்கு இடமும் வேளையும் உண்டு என்பதை எந்த விரிவுரையும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இறுதி வருடத்தில் மீண்டும் திணைக் கோட்பாடு வந்தது. இம்முறை கலந்துரையாடல். அதே தலவாக்கலை மாணவி ஒரு கேள்வி கேட்டாள். "எங்கள் நிலம் குறிஞ்சிதான் சேர். ஆனால் எங்கள் பாட்டுகளில் இருப்பது பிரிவுதானே?"

அவள் சொன்னதை எண்ணிப் பாருங்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களுள் வழியிலேயே மாண்டவர் பலர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தனர். ஒரே லயத்தில் அண்ணன் போக, தம்பி இருந்தான். ஹட்டன் புகையிரத நிலையத்து அழுகையை எங்கள் தலைமுறை நேரில் கண்டது. அவளுடைய மாமன் குடும்பமும் அப்படிப் போனதுதான்.

குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் வாக்கின் கருத்து. ஒரு நிலத்துக்குரிய ஒழுக்கம் வேறொரு நிலத்தில் வந்து மயங்கலாம் என்பதற்குத் தொல்காப்பியமும் இடம் தருகின்றது. அந்த விரிவுரையாளர் இவ்விரண்டையும் நினைவூட்டிவிட்டு, "பிள்ளை, இதைக் கட்டுரையாக எழுதுங்கள்" என்றார். முதலாம் வருடத்தில் நான் குறிப்பாக எழுதி வைத்த அதே திணை, எங்கள் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடியாகியது அன்றுதான். பழைய இலக்கணம் பழையதாக இருப்பதில் குறையில்லை. அதனிடம் நம்முடைய கேள்வியைக் கேளாமல் இருப்பதே குறை.

நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலக் கவிதையில் உலகுக்குச் சொன்னார். சக்தி பாலையா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி.வி., தோட்டம் தோட்டமாகப் பாடல்களைக் கேட்டுத் தொகுத்தும் வைத்தார். 1984 இல் அவர் மறைந்தார். பல்கலைக்கழகம் எங்கள் பாடலைத் தேடுமுன்னரே எங்களுள் ஒருவர் தேடியிருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஆகவே, கவிதையைக் கற்பிக்க முடியுமா என்ற தொடக்கக் கேள்விக்கு என் விடை இதுதான். குறிப்பாகச் சொல்லிக் கொடுத்தால் முடியாது. மாணவரைத் தமக்குத் தெரிந்ததற்கு உரையாசிரியராக எழுந்து நிற்க வைத்தால் முடியும். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் குறிஞ்சியைத் தொடங்குமுன், "உங்கள் வீட்டில் யார் பாடுவார்கள்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். முதலில் சிரிப்பார்கள். பின்பு ஒரு கை மெதுவாக உயரும்.

அம்மாயி இப்போது இல்லை. அந்தக் கொப்பி இருக்கிறது. அதில் உள்ள சில பாடல்களை அவர் பாடியபடி பாட, எங்கள் குடும்பத்தில் இன்று எவருக்கும் தெரியாது. உங்கள் வீட்டிலும் ஓர் அம்மாயியோ அப்பாயியோ இருந்தால், இன்றிரவு பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒப்பாரி கேட்பதானால் மட்டும் வெளியே கூட்டிப் போங்கள்.