பின் சீட்டில் உட்காருபவருக்குத்தான் தெரியும்!

மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். வண்டியை ஓட்டுவது வீட்டுக்காரராக இருக்கலாம். அதன் அடியை வாங்குவது நாம்தான். ஓட்டுகிறவர் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்காருகிறார். நாம் உட்காருவதோ ஏறக்குறையப் பின் சக்கரத்தின் தலைக்கு மேலே. ஒரு பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். நடுவில் வைத்த செம்பு கொஞ்சம்தான் உயரும், முனையில் வைத்த செம்பு எகிறி விழும். அதே கணக்குதான் இங்கேயும். "எனக்கு ஒண்ணும் தெரியலையே, உனக்கு மட்டும் எப்படித் தூக்கிப் போடுது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டது பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால், பள்ளம் வரும்போது பாதத்தை ஊன்றிப் பாதி அடியை முழங்காலிலேயே வாங்கிக் கொள்ளலாம். ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு திருகிக் கிடக்கும். அடி நேராக முதுகுத்தண்டில் இறங்கும். மடியில் குழந்தை வேறு இருந்தால் பிடித்துக் கொள்ளவும் ஒரு கைதான் மிச்சம். உட்கார்ந்திருக்கும் உடம்பு வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரையில் வருகிற மேல்-கீழ் குலுக்கலைத்தான் மிக அதிகமாக உணரும் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் சனிக்கிழமை குனிந்து கோலம் போட முடியாது, அவ்வளவுதான்.

வேகத்தடைக்கும் அளவு உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமோ? அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வகுத்திருந்தது. எங்கள் தெருவில் இருப்பது தோசைக்கல் அகலம்கூட இல்லை. அதைத் திருத்துவது நம் கையில் இல்லை, ஷாக்கைத் திருத்தலாம்.

ஷாக்கில் இரண்டு சமாச்சாரம் உண்டு. வெளியே தெரியும் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. உள்ளே ஒரு குழாயில் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் நகரும்போது அந்த எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். முறுக்கு அச்சில் மாவைப் பிழியும்போது கை வலிக்கிறதே, அந்த எதிர்ப்புதான் துள்ளுகிற ஸ்பிரிங்கை அடக்குகிறது. வருஷக்கணக்கில் ஓடி, சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்துவிட்டால் பிறகு வெறும் ஸ்பிரிங்தான். ஒரு பள்ளத்துக்கு நாலு தடவை குதிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டாம். வண்டியை நேராகப் பிடித்துக் கொள்ளச் சொல்லி, பின் சீட்டை இரண்டு கையாலும் நன்றாக அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி அடங்கினால் நல்லது. ஊஞ்சல் மாதிரி ஆடினால் ஷாக் போய்விட்டது. குழாயில் தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் எதிரே வருகிறவர்கள் "லைட்டை இறக்குய்யா" என்று கத்தினால் அதுவும் ஓர் அடையாளம். பின்பக்கம் தொய்ந்து விளக்கு மேலே பார்க்கிறது. ஆனால் முதலில் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். காற்று அதிகமாக இருந்தாலும் தூக்கிப் போடும். அதற்கு ஷாக் வாங்கினால் காசுக்குக் கேடு.

எங்கள் வண்டி பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் வைத்த சாதாரண நூறு சி.சி. வண்டி. இடது ஷாக் மட்டும் கசிந்தது. "ஒண்ணு மட்டும் மாத்தினா போதுமே அக்கா" என்றார் மெக்கானிக் தம்பி. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று நான் விடவில்லை. ஒன்று பழசும் ஒன்று புதுசுமாக இருந்தால் பின் சக்கரத்தைத் தாங்கும் கை ஒருபக்கமாக இழுபடும். வளைவில் வண்டி நெளியும்.

வண்டிக் கம்பெனியின் சொந்த உதிரி பாகம்தான் வேண்டும் என்பதில்லை. கேப்ரியல், எண்டூரன்ஸ் போன்ற ஷாக் செய்கிற கம்பெனிகளே வெளியிலும் விற்கின்றன. வாங்கும்போது பார்க்க வேண்டியது பளபளப்பு அல்ல. மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை நீளம் எவ்வளவு என்று பழையதை டேப் வைத்து அளந்து கொண்டு போங்கள். துளையின் குறுக்களவு, உள்ளே இருக்கும் புஷ்ஷின் அகலம், கீழ்முனை வளையமா கவையா, இவையும் ஒத்திருக்க வேண்டும். நீளம் கூடினால் வண்டி நிற்கும் விதம் மாறும். சைடு ஸ்டாண்டில் அதிகமாகச் சாயும். சேலையோடு ஏறுவதும் கஷ்டம். குறைந்தால் பள்ளத்தில் மட்கார்டு டயரில் உரசும்.

என் மகன் போனில் ஒரு ஜோடியைக் காட்டினான். பக்கத்தில் சிவப்புக் குப்பி தொங்க, பார்க்க ரேஸ் வண்டி மாதிரி. குப்பியில் தப்பில்லை, எண்ணெய் நுரைக்காமல் இருக்க நைட்ரஜன் அடைத்து வைக்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். ஆனால் வேகத்துக்கென்று செய்த ஷாக்கின் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். ஓட்டுகிற பையனுக்கு அது ஜோர். பின்னால் இருக்கிற அம்மாவுக்குப் பழைய ஷாக்கே தேவலை. அதோடு அந்தக் குப்பியும் தடித்த ஸ்பிரிங்கும் சேலைக் கார்டில் இடிக்கும். "கார்டைக் கழட்டிட்டா சரியாப் போச்சு" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்! பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு வேண்டும் என்றும், பிடித்துக் கொள்ளக் கைப்பிடி வேண்டும் என்றும் 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றினால் கழுத்தோடு இழுத்துவிடும். நாங்கள் சாதாரண ஜோடியே வாங்கினோம்.

மாட்டும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். சமதரையில் சென்டர் ஸ்டாண்ட், சைலன்சர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தோம்; மறுநாள் ரிங் ஸ்பேனருக்கு மசிந்தது. கழற்றுவதற்கு முன் வாஷர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் ஒரு படம் எடுத்துக் கொண்டேன். சில வண்டிகளில் கைப்பிடியும் சேலைக் கார்டும் அதே போல்ட்டில் சேர்ந்திருக்கும்; திரும்ப மாட்டும்போது "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றுவதில்லை. ஒரு பக்கம் கழற்றிப் புதியதை மாட்டிய பிறகே மறு பக்கம். அப்போதுதான் சக்கரம் கீழே தொங்கிப் போகாது, துளையும் துளையும் நேராகச் சேரும். சேராவிட்டால் ஒருவர் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் போதும், சுத்தியலால் அடிக்க வேண்டியதில்லை. அந்தச் சக்கரத்தைப் பிடித்தது நான்தான். நட்டுகளை முதலில் கையால் முடுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிப் பாரம் விழுந்த பிறகு முழுதாக இறுக்கினார் தம்பி. தொங்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக் கொண்டு சீக்கிரம் கிழியும் என்றார். நியாயமான பேச்சாகப் பட்டது.

ஸ்பிரிங்கின் கீழே படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். தனியாகப் போகும்போது தாழ்ந்த படி. நாமும் ஏறி, பையும் சேர்ந்தால் ஒன்றிரண்டு படி உயர்த்த வேண்டும். வண்டியோடு தந்த சாவிப் பையில் அதற்கென்றே கொக்கி மாதிரி ஒரு ஸ்பேனர் உண்டு. இரு பக்கமும் ஒரே படி முக்கியம். சில கடைகளில் கடைசிப் படியில் வைத்து அனுப்பி விடுகிறார்கள். "புதுசு போட்டும் இப்படிக் குதிக்குதே" என்று புலம்புகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள்.

முதுகுவலி ஷாக்கோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நாற்பதைத் தாண்டிய இடுப்பு, டாக்டர் சொன்ன பயிற்சியும் நடக்கிறது. கோயிலுக்குப் போய் வந்த மறுநாள் கோலம் மட்டும் போட முடிகிறது. மாசமாக இருப்பவர்களும் டிஸ்க் தொந்தரவு உள்ளவர்களும் புது ஷாக்கை நம்பிப் பின் சீட்டில் ஏறிவிடாமல் டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நாலைந்து நாள் ஓடிய பிறகு நாலு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒன்று கால் சுற்று வாங்கியது. வாயு அடைத்த ஷாக் பழசானால் அதை வெட்டவோ, துளை போடவோ, நெருப்பில் வைக்கவோ கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கும், வெடிக்கும். காயலான் கடையில் போடும்போதும் இதைச் சொல்லிவிட்டே கொடுங்கள்.