பாலம் சமைத்தவர்

ஏற்காட்டில் அடைமழை பெய்யும் நாள்களில், ஓடைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் தொகை குறைந்துவிடும். முந்தின நாள் கணுக்கால் நனையக் கடந்த நீர், மறுநாள் இடுப்பளவு பெருகி நிற்கும். அக்கரையில் குடையோடு காத்திருப்போரைக் கையசைத்துத் திருப்பி அனுப்பிய நாளும் உண்டு. அப்போதெல்லாம் தென்பாண்டி நாட்டின் பழம்பாலம் ஒன்று என் நினைவுக்கு வரும்.

தாமிரபரணியின் ஒரு கரையில் திருநெல்வேலி, மறுகரையில் பாளையங்கோட்டை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை இவ்விரு ஊர்களையும் இணைத்தவை படகுகளே. வெள்ளம் வந்தால் போக்குவரத்து நின்றுவிடும். படகுத்துறையில் இடம்பிடிக்கச் சச்சரவும் மூளும். 1840-ஆம் ஆண்டளவில் ஆட்சியராயிருந்த தாம்சன், ஆற்றின் குறுக்கே பாலம் அமைக்க எண்ணினார். பொறியாளர் ஹார்ஸ்லி வரைபடம் வகுத்தார். இலண்டனில் தேம்ஸ் ஆற்றின்மீது அந்நாளில் நின்ற வாட்டர்லூ பாலத்தை ஒத்த வடிவம், 11 வளைவுகள், செலவு ஏறத்தாழ 50,000 ரூபாய். அக்காலத்தில் அது பெருஞ்செல்வம். பொதுமக்களிடம் பணம் திரட்டலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அப்போது ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோசன முதலியார், அத்தொகையைத் தாமே அளிக்க முன்வந்தார். அவருடைய துணைவியார் தம் நகைகளை மனமுவந்து கழற்றித் தந்தார் என்பது நெல்லை மக்கள் வழிவழியாகக் கூறும் செய்தி. 1843-இல் பாலம் திறக்கப்பட்டது. பின்னாளில் வெள்ளத்தால் சேதமுற்றுச் சீர்செய்யப்பட்டது, அகலப்படுத்தவும் பட்டது. இலண்டனின் பழைய வாட்டர்லூ பாலம் 1930-களில் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறொன்று எழுந்தது. நெல்லைப் பாலமோ முதலியாரின் பெயர் தாங்கி இன்றும் மக்களுக்குப் பயன்படுகிறது.

'ஊரே நடக்கும் பாலத்துக்கு நான் ஒருவன் ஏன் கொடுக்க வேண்டும்?' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். படகுத்துறைச் சச்சரவும் தொடர்ந்திருக்கும்.

திருத்தந்தைக்கு வழங்கும் இலத்தீன் பட்டங்களுள் ஒன்று 'பொந்திஃபெக்ஸ்'. பாலம் சமைப்பவர் என்பது அதன் பொருள். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே பாலமாக நின்ற நம் ஆண்டவர், மனிதர் பாதி வழி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. முழு விலையையும் சிலுவையில் தாமே கொடுத்தார்.

மலைமேல் ஒரு காப்பித் தோட்ட வேலித் தகராற்றில் பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த அண்ணன் தம்பியரை நான் அறிவேன். "அவன் வந்தால் நானும் வருகிறேன், சாமி" என்றே இருவரும் சொல்லிவந்தனர். தாயாரின் அடக்கத்தன்று அண்ணன்தான் முதலில் தம்பியின் வாசல் ஏறினார். வேலி எங்கே நின்றதோ அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு நட்டம் சில அடி நிலம். இப்போது இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாகக் கோவிலுக்கு வருகின்றனர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் உறவில் பாலமில்லாத ஆறு ஏதேனும் உண்டா? அடுத்த திருப்பலிக்கு வருமுன் அந்த வாசலுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.