காய்ச்சலோடு வேலைக்குப் போகலாமா? கொரோனா காலம் கற்றுத் தந்தது

காலையில் லேசாகக் காய்ச்சல், தொண்டையில் கரகரப்பு. "ஒரு மாத்திரையைப் போட்டுட்டுக் கிளம்பிடலாம்" என்று நினைப்பவரா நீங்கள்? மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரைக்கு வேலைக்கு வரும் பலர் இப்படித்தான் கிளம்புகிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போயிடுமே என்ற பயம்தான் காரணம். கொரோனாவுக்குப் பிறகு அலுவலகங்கள் திறந்த விதத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், அந்த ஒரு நாள் லீவின் மதிப்பு புரியும்.

திறந்து, மூடி, மறுபடி திறந்த மதுரை

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பதிவானது. மே 18 முதல் அரசு அலுவலகங்கள் 50 சதவீத ஊழியர்களுடன் இயங்கின. ஜூன் 24 அன்று மதுரை மாநகராட்சி, பரவை, சுற்றியுள்ள ஒன்றியங்களில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஜூலை 14 வரை நீண்டது. செப்டம்பர் 1 முதல்தான் அரசு ஊழியர்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள்.

இரண்டு அணி எதற்கு?

மே மாதத்தில் ஊழியர்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணி திங்கள், செவ்வாய். அடுத்த அணி புதன், வியாழன். வெள்ளி, சனியில் மறுபடி முதல் அணி. கூட்டத்தைக் குறைப்பதோடு இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஓர் அணியில் ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த அணி வீட்டில் இருக்கும், மற்ற அணி வேலையைப் பார்க்கும். சான்றிதழுக்காகக் காத்திருக்கும் மக்களின் வேலை நிற்காது. இரண்டு அணியும் கலக்காமல் இருந்தால்தான் இது பலிக்கும்.

காற்றைக் கவனியுங்கள்

2020-ல் தென்கொரியாவின் சியோல் நகரில் ஒரு கால் சென்டரில் தொற்று பரவியது. 11-ஆவது மாடியில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. அவர்களில் பெரும்பாலோர் மாடியின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். கட்டடம் முழுக்கப் பரிசோதித்தும் மொத்தம் 97 பேருக்குத்தான் தொற்று இருந்தது. லிஃப்ட் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனாலும் ஒரே அறையில், பல மணி நேரம், பேசிக்கொண்டே இருந்தவர்களைத்தான் தொற்று அதிகம் பிடித்தது.

மதுரை வெயிலுக்கு ஜன்னலைச் சாத்தி ஏசி போடுவது நம்ம வழக்கம். சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்ற விடுகிறது. அதனால்தான் 2020 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம், ஏசியை 24 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள், வெளிக்காற்று முடிந்தவரை உள்ளே வரட்டும் என்று அலுவலகங்களுக்குச் சொன்னது. எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்தாலே பெரிய வித்தியாசம் இருக்கும். மாஸ்க்கைக் கழற்றி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் மதிய நேரத்தில் இது இன்னும் முக்கியம்.

லீவு உங்கள் உரிமை

எத்தனை ஜன்னல் திறந்தாலும், காய்ச்சல் உள்ளவர் உள்ளே வந்துவிட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும். அவர் தைரியமாக வீட்டில் இருக்க இவை கைகொடுக்கும்:

• கடை, தனியார் அலுவலக ஊழியர்களுக்குத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு.

• மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இஎஸ்ஐ-யில் இருப்பவர்களுக்கு, மருத்துவச் சான்று இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது.

உங்கள் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா? இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துவைத்தது. ஆனால் மழைக்காலம் வந்தால் ஃபுளூவும் வரத்தான் செய்யும். காய்ச்சல் என்றால் வீட்டில் இருங்கள், சந்தேகம் இருந்தால் 104-க்கு அழையுங்கள். மேலதிகாரியாக இருந்தால், லீவு கேட்பவரிடம் முகம் சுளிக்காதீர்கள். அவர் வராமல் இருப்பதால்தான் மற்றவர்கள் நாளைக்கும் வேலைக்கு வர முடியும்.