வயல்வெளியில் ஒரு புகைபோக்கி: இங்கிலாந்துக் கிராமங்கள் மர உலைகளை எதிர்ப்பது ஏன்?

மரச்சில்லு, மரத்தூளை இறுக்கிச் செய்த பெல்லட், வைக்கோல், உடைத்த பழைய மரச்சாமான்கள் ஆகியவற்றை எரித்து வெந்நீரோ நீராவியோ எடுக்கும் உலைக்குப் பயோமாஸ் கொதிகலன் என்று பெயர். தமிழகத்துச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையில் ஓடும் கொதிகலன்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. வீட்டுக்கு வைப்பது சில பத்துக் கிலோவாட் திறனோடு நின்றுவிடும். தொழிற்சாலை அளவிலானது ஒரு மெகாவாட்டில் தொடங்கிப் பல பத்து மெகாவாட் வரை போகும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், வயல்களுக்கும் பண்ணைகளுக்கும் இடையே, இந்த இரண்டாம் வகைக்கு விண்ணப்பம் வந்த பல ஊர்களில் எதிர்ப்பும் கூடவே எழுந்தது. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று அரசே ஊக்குவித்த ஒன்றை, காடும் வயலும் சூழ வாழ்பவர்கள் ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்பது மேலோட்டமாகப் பார்த்தால் விளங்காது.

முதலில் பணத்தின் கதை. பிரிட்டிஷ் அரசு 2011 நவம்பரில் புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்தொகைத் திட்டத்தைத் தொழில் நிறுவனங்களுக்காகத் தொடங்கியது. எண்ணெயையோ எரிவாயுவையோ விட்டு மரத்தில் வெப்பம் எடுப்பவருக்கு, எடுக்கும் ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் 20 ஆண்டுகள் பணம் தருவது அதன் ஏற்பாடு. எரிவாயுக் குழாய் எட்டாத கிராமப்புறத்தில் விலை உயர்ந்த எண்ணெயை எரித்துவந்த கோழிப்பண்ணைகள், பசுமைக்குடில்கள், தானியம் உலர்த்தும் கொட்டகைகள் இதில் சேர்ந்தன. கொதிகலன்கள் நகரத்தை விட்டு வயல்வெளிக்கு வந்ததற்கு இது முக்கியக் காரணம். ஊக்கத்தொகை திறனுக்கு ஏற்பப் படிப்படியாகக் குறைந்ததால் 200 கிலோவாட் என்ற எல்லைக்குச் சற்றே கீழே, 199 கிலோவாட் கொதிகலன்கள் ஏராளமாக விற்றன. தேவையை அளந்து கொதிகலன் வாங்குவதற்குப் பதில், தொகையை அளந்து வாங்கும் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வட அயர்லாந்து காட்டியது. அங்கே 2012இல் தொடங்கிய இதே மாதிரித் திட்டத்தில், இங்கிலாந்தில் இருந்த ஒரு கட்டுப்பாடு விடுபட்டுப் போனது. இங்கிலாந்தில் சிறிய, நடுத்தரக் கொதிகலன்களுக்குத் தொடக்கத்தில் ஆண்டின் முதல் 1,314 மணி நேரத்துக்கு மட்டும் உயர்ந்த விகிதம் கிடைத்தது. அதற்கு மேல் விகிதம் வெகுவாகக் குறைந்தது. வட அயர்லாந்தில் அந்த வரம்பு இல்லை. எரிபொருளுக்கு ஆகும் செலவைவிட அரசு தரும் தொகை அதிகம். எவ்வளவுக்கு எரிக்கிறார்களோ அவ்வளவுக்கு இலாபம். செலவு ஒதுக்கீட்டை 49 கோடி பவுண்டு வரை மிஞ்சக்கூடும் என்ற மதிப்பீடு வெளியானதும் அரசியல் புயல் எழுந்தது. 2017 ஜனவரியில் துணை முதல்வர் மார்ட்டின் மெக்கின்னஸ் பதவி விலக, கூட்டணி அரசு கவிழ்ந்து மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. நீதிபதி பேட்ரிக் காக்லின் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2020 மார்ச்சில் வந்தது. அதற்குப் பிறகு, ஊருக்குப் பக்கத்தில் ஒரு கொதிகலன் வரப்போகிறது என்றால், "இந்த வெப்பம் யாருக்கு வேண்டும்?" என்று மக்கள் முதலில் கேட்பதில் வியப்பில்லை. அது நியாயமான கேள்வி. கொதிகலனுக்கான மரச்சில்லை உலர்த்தவே இன்னொரு கொதிகலன் வைத்து அதற்கும் தொகை பெற்ற ஏற்பாடுகள் இருந்தன. 2018இல்தான் அரசு அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்தது. தொழில் நிறுவனங்களுக்கான திட்டம் 2021 மார்ச் இறுதியில் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. அதில் நுழைந்த கொதிகலன்களுக்கு 20 ஆண்டுத் தொகை தொடர்கிறது.

அடுத்த கேள்வி, எந்த மரம் என்பது. எதிர்ப்பாளர்களின் கடிதங்களில் புகைபோக்கியின் உயரம் பெரிதாகப் பேசப்படும். உண்மையில் அதைவிடப் பெரிய விஷயம் உலையின் வாயில் விழும் பொருள். பிரிட்டனில் மரக்கழிவை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். 'ஏ' தரம், பூச்சோ மருந்தோ இல்லாத பழைய பேலட், பெட்டிப் பலகை. 'பி' தரம், கட்டடம் இடித்த மரம் போன்றவை. 'சி' தரத்தில் பசை கலந்த பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப். பலகையும் வரும். 'டி' தரம் ஆபத்துக் கழிவு: கிரியோசோட் ஊறிய ரயில் தண்டவாளக் கட்டைகள், செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தேற்றிய கம்பங்கள். புதிதாய் வெட்டிய மரத்தை எரிக்கும் உலையும், பூச்சுப் பலகையை எரிக்கும் உலையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பூச்சாலும் மருந்தாலும் கன உலோகமோ ஆலசன் சேர்மங்களோ ஏறியிருக்கக்கூடிய மரத்தை எரிக்கும் உலைக்குக் குப்பை எரிப்பு ஆலைக்கு உரிய கடுமையான சட்டம் பொருந்தும். விண்ணப்பத்தில் 'மரம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்தத் தரம் என்று கேட்பதே ஊர்மக்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம்.

ஈரப்பதமும் அதே அளவு முக்கியம். அப்போது வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். உலர்த்தி 30 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு டன் மரம் சுமார் 3.5 மெகாவாட் மணி வெப்பம் தரும். ஈரத்தோடு எரித்தால் 2.3 அளவில்தான் கிடைக்கும். மீதி வெப்பம் தண்ணீரை ஆவியாக்குவதில் போகிறது. உலை குளிர்ந்து, எரிப்பு அரைகுறையாகி, புகை கூடுகிறது.

இந்தக் கணக்கிலிருந்தே லாரிகளின் எண்ணிக்கையும் வந்துவிடும். 85 சதவீதத் திறனோடு ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் ஓடும் 10 மெகாவாட் கொதிகலனுக்கு உலர்ந்த மரச்சில்லு சுமார் 29,000 டன் வேண்டும். ஒரு லாரிக்கு 22 டன் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,300க்கு மேல் லாரிகள். வேலை நாட்களில் மட்டும் வந்தால் போகவர நாளுக்குப் பத்துப் பதினொரு தடவை. ஈர மரம் என்றால் 45,000 டன் வரை ஏறும். நெடுஞ்சாலையில் இது பொருட்டே இல்லை. இருபுறமும் வேலிச்செடி அடர்ந்து, எதிரே ஒரு டிராக்டர் வந்தாலே பின்வாங்க வேண்டிய கிராமச் சாலையில், பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்து போகும் நேரத்தில், இது வாழ்க்கையையே மாற்றிவிடும். 'எங்கள் ஊரில் மட்டும் வேண்டாம்' என்கிற தன்னலம் என்று இதை ஒதுக்குபவர்கள் அந்தச் சாலைகளின் அகலத்தைப் பார்க்க வேண்டும்.

புகைக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியும் கரும்புகையைவிட, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களே நுரையீரலின் ஆழம்வரை போய் இதயத்தையும் பாதிப்பவை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் இதற்கான ஆண்டுச் சராசரி வழிகாட்டு அளவை ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இங்கிலாந்து 2040க்குள் 10ஐ எட்டுவதையே இலக்காக வைத்திருக்கிறது. மலிவான கொதிகலன்களில் இருக்கும் சுழல் பிரிப்பான், பெரிய சாம்பல் துகள்களைச் சுழற்றி விலக்கும். நுண்துகளில் பெரும்பகுதி அதைத் தாண்டிப் போய்விடும். துணிப்பை வடிகட்டியோ மின்புல வடிகட்டியோ இருந்தால் பெரும்பாலானவை பிடிபடும். விலை கூடுதல் என்பதால் சிறிய உலைகளில் இவற்றைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். உலை குளிர்ந்து கிடந்து மறுபடி பற்றும் நேரத்தில்தான் புகை மிக மோசம். பள்ளத்தாக்கில் அமைந்த ஊர்களில், குளிர்கால இரவில் மேலே வெப்பக் காற்றும் கீழே குளிர்ந்த காற்றும் அடுக்காக நின்றுவிட்டால், புகை எழும்பாமல் வீடுகளின் மேல் படியும். ஆண்டுச் சராசரி காட்டும் கணினி மதிப்பீட்டில் அந்த இரவுகள் கரைந்து மறைந்துவிடும்.

சட்டம் வரம்பு வைக்காமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நடுத்தர எரிப்பு நிலைய ஆணையைப் பிரிட்டன் தன் சட்டத்தில் சேர்த்தது. 2018 டிசம்பர் 20 முதல் இயங்கத் தொடங்கிய புதிய மர உலைகளுக்கு அது பொருந்தும். வெளிவரும் வாயுவில் தூசி ஒரு கன மீட்டருக்கு, 1 முதல் 5 மெகாவாட் வரை 50 மில்லிகிராம், 5 முதல் 20 வரை 30, அதற்கு மேல் 20. சிறிய உலைக்குத்தான் தளர்ந்த வரம்பு என்பதைக் கவனிக்க வேண்டும். அளவெடுப்பதோ 20 மெகாவாட் வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும். மூன்றாண்டில் ஒரு நாள் எடுக்கும் அளவை நம்பி ஓர் ஊர் மூச்சுவிட வேண்டியிருக்கிறது.

எதிர்ப்பு பலமுறை தோற்பதற்கான காரணம் நடைமுறையில் இருக்கிறது. கொதிகலன் அமைக்க உள்ளூராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி வேண்டும். விண்ணப்பம் வந்ததும் அறிவிப்பு ஒட்டி, பொதுவாக 21 நாட்கள் கருத்துக் கேட்பார்கள். பாரிஷ் கவுன்சில் எனப்படும் ஊர் மன்றமும் கருத்துச் சொல்லும். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. போக்குவரத்து, இரைச்சல், நிலக்காட்சி, பழமையான கட்டடங்கள் ஆகியவை உள்ளூராட்சி மன்றத்தின் கணக்கில் சேரும். வீட்டு விலை குறையும் என்பது சேராது. புகை எதில் சேரும்? தேசியத் திட்டக் கொள்கை, நிலத்தை இப்படிப் பயன்படுத்துவது தகுமா என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்யும் என்று வைத்துக்கொள்ளவும் சொல்கிறது. கேட்ஸ்ஹெட் அருகே மருத்துவக் கழிவு எரிப்பு ஆலை தொடர்பாக மேல்முறையீட்டு நீதிமன்றம் 1990களில் தந்த தீர்ப்பும் இதே வழியில் நின்றது. இதனால் மக்கள் மிக அஞ்சும் விஷயத்தை உள்ளூராட்சி மன்றத்தின் திட்டக் குழு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தள்ளிவிடுகிறது. அந்த அலுவலகத்தில் கேள்வி, வரம்புக்குள் இருக்கிறதா என்பது மட்டுமே. இந்த இடம் தகுமா என்பது அங்கே கேட்கப்படாது. இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஊரின் கவலை விழுந்துவிடுகிறது.

மான்செஸ்டரின் விளிம்பில் டேவிஹுல்மில் நடந்தது, எதிர்ப்பு எப்படித் தோற்கிறது என்பதற்குச் சான்று. பீல் எனர்ஜி நிறுவனம் 20 மெகாவாட் பயோமாஸ் ஆலைக்கு விண்ணப்பித்தது. 'பிரீத் கிளீன் ஏர் குரூப்' என்ற மக்கள் குழு எதிர்த்தது. டிராஃபர்ட் மன்றம் 2011இல் அனுமதி மறுத்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, பொது விசாரணைக்குப் பிறகு 2013இல் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அனுமதி தந்தார். மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்கு மேல்முறையீடு உண்டு. அனுமதி கிடைத்துவிட்டால் எதிர்த்த மக்களுக்கு அது இல்லை. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில், சட்டப்பிழை இருந்தால் மட்டும், வழக்குப் போடலாம். இந்த ஏற்றத்தாழ்வு சரியில்லை.

கரியமில வாயு பற்றிய வாதமும் கூட்டங்களில் எழும். மரம் எரிந்து வெளிவரும் கரியமில வாயுவை, மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக்கணக்கில் எழுதுவது சர்வதேச வழக்கம். அதனால் எரிக்கும் நாட்டின் ஆற்றல் கணக்கில் அது பூஜ்யம். மரம் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று 2018 ஜனவரியில் கிட்டத்தட்ட 800 விஞ்ஞானிகள் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு எழுதினார்கள். யார்க்‌ஷயரின் டிராக்ஸ் மின் நிலையம் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து பெல்லட் இறக்குமதி செய்வதால் இந்த விவாதம் சூடானது. பக்கத்துத் தோப்பில் கவாத்து செய்த கிளைகளை எரிக்கும் சிறு உலைக்கு அந்தக் குற்றச்சாட்டு அதே வலுவோடு பொருந்தாது. எதிர்ப்பாளர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் தங்கள் வலுவான வாதங்களின் மதிப்பையே குறைத்துக்கொள்கிறார்கள்.

அனுமதியோடு போராட்டம் முடிந்துவிடுவதில்லை. லாரி நேரம், எரிபொருளின் தரம், இரைச்சல் அளவு ஆகியவற்றை நிபந்தனைகளாக எழுதச் செய்வது பல ஊர்கள் பெற்ற உண்மையான வெற்றி. புகையோ நாற்றமோ தொல்லையானால் 1990ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளூராட்சி தடுப்பு ஆணை பிறப்பிக்கலாம். நடைமுறையில் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டோம் என்று நிறுவனம் காட்டினால் தப்பிக்கலாம். நிபந்தனையை மாற்ற வேண்டுமென்றால் நிறுவனம் திட்டச் சட்டத்தின் 73ஆம் பிரிவின்கீழ் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலை நேரத்தைக் கூட்டுவதும் 'ஏ' தரத்திலிருந்து 'சி' தரத்துக்கு மாறுவதும் இந்த வழியில்தான் வரும். அப்போதும் அறிவிப்பு ஒட்டப்படும், கருத்துக் கேட்கப்படும். முதல் விண்ணப்பத்தின்போது சேர்த்த ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் ஊருக்கே அந்தச் சில வாரங்கள் போதும்.