ஆள் போனாலும் கணக்கு போகாது

ஐபிஎல்-ல ஒரு டீம் ஒரு ப்ளேயரை ரிலீஸ் பண்ணினா, அவரோட விலை அப்படியே பர்ஸுக்குத் திரும்பி வந்துடும். அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-ல அப்படி இல்லை. (நாம காலால் உதைக்கிற ஃபுட்பால் இல்லைங்க, ஹெல்மெட் போட்டு மோதிக்கிற ஆட்டம்.) அங்கே ஆளை அனுப்பின பிறகும் அவர் பெயர் டீமோட கணக்குல உட்கார்ந்திருக்கும். முப்பது வயசு தாண்டின நல்ல வீரரைத் திடீர்னு கழட்டிவிடறதும், சுமாரா ஆடற இன்னொருத்தரை விடாம வெச்சிருக்கறதும் பல நேரம் இந்தக் கணக்காலதான்.

சம்பள வரம்பு 1994-ல் வந்தது. ஒரு வருஷத்துல எல்லா வீரர்களுக்கும் சேர்த்து ஒரு டீம் இவ்வளவுதான் கணக்குக் காட்டலாம். 2024-ல் அது 25.54 கோடி டாலர். ஓனர் எவ்வளவு பெரிய பணக்காரரா இருந்தாலும் அதே தொகைதான்.

குழப்பம் போனஸ்ல ஆரம்பிக்குது. நாலு வருஷ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டதுக்கு ஒருத்தருக்கு 2 கோடி டாலர் போனஸ்னு வைங்க. பணம் கைக்குப் போயிடும். ஆனா கணக்குல வருஷத்துக்கு 50 லட்சமாப் பிரிச்சு எழுதலாம். (அதிகபட்சம் ஐந்து வருஷம்.) மூணாவது வருஷச் சம்பளம் 1.2 கோடின்னா, அந்த வருஷம் வரம்புல அவர் பிடிக்கிற இடம் 1.7 கோடி.

இப்போ அவரை அனுப்பினா? சம்பளம் மிச்சம். ஆனா போனஸ்ல எழுதாம விட்ட 1 கோடி ஒரே வருஷத்துல வந்து விழும். இஎம்ஐ-ல வாங்கின போனைப் பாதியில வித்துட்டா தவணை மட்டும் தொடரும் இல்லையா, அந்த மாதிரி. இங்கே மிச்சத் தவணை மொத்தத்தையும் ஒரே தடவையில அடைக்கணும். இதுக்குப் பெயர் டெட் மணி. ஆக மிச்சம் 70 லட்சம்தான். ஜூன் 1-க்குப் பிறகு அனுப்பினா டெட் மணியை இரண்டா உடைக்கலாம்: இந்த வருஷம் 50 லட்சம், அடுத்த வருஷம் 50 லட்சம். வலி தள்ளிப்போகும், குறையாது.

அதனாலதான் வயசான வீரருக்கு ஒப்பந்தத்தோட கடைசி வருஷங்கள் ஆபத்து. சம்பளம் உச்சத்துல இருக்கும், எழுத வேண்டிய போனஸ் கரைஞ்சிருக்கும், அனுப்பினா மிச்சம் அதிகம். டிமார்கஸ் வேர் டல்லஸ் கவ்பாய்ஸுக்கு ஒன்பது சீசன் ஆடி, 117 சாக் எடுத்து டீம் சாதனை வெச்சவர். 2014 மார்ச்சில், 31 வயசுல அனுப்பிட்டாங்க. வரம்புல அவர் பிடிச்ச இடம் 1.6 கோடி, அனுப்பினதால் மிச்சம் 74 லட்சம். டென்வர் பிராங்கோஸ் உடனே மூணு வருஷத்துக்கு 3 கோடி டாலருக்கு எடுத்தது. 2016 பிப்ரவரியில் அவங்களோட சூப்பர் பவுல் ஜெயிச்சார்.

எனக்கு இதுல உறுத்தறது, உத்தரவாதம் இல்லாத சம்பளம் காகிதத்துல இருக்கிற எண் மட்டுமே. வீரர் நினைச்சா விலக முடியாது, டீம் விலகலாம். நாலு சீசன் முடிச்சவர் முதல் வார ஆட்டத்துக்கான பட்டியல்ல இருந்துட்டா அந்த வருஷச் சம்பளத்தைக் கேட்க உரிமை உண்டு. அதனாலேயே சில சீனியர்களை சீசன் தொடங்கறதுக்குச் சில நாள் முன்னாடி வெளியே அனுப்பறாங்க. அப்போ மத்த டீம்கள்ல இடம் ஏறக்குறைய நிரம்பியிருக்கும். போறதுன்னா மார்ச்லயே விடுங்கன்னு சீனியர்கள் கேட்கறது சும்மா இல்லை.

கணக்கு டீமையும் கடிக்கும். டென்வர் 2022-ல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனுக்கு 24.5 கோடி டாலருக்கு ஐந்து வருஷ நீட்டிப்பு கொடுத்தது. அது தொடங்க வேண்டியதே 2024-ல். அந்த மார்ச்சிலேயே அனுப்பிட்டாங்க. இன்னும் சில நாள் வெச்சிருந்தா 2025 சம்பளம் 3.7 கோடியும் உறுதியாகியிருக்கும். டெட் மணி 8.5 கோடி, அதுவரை யாரும் பார்க்காத தொகை. 2024-ல் 5.3 கோடி, 2025-ல் 3.2 கோடின்னு பிரிச்சு எழுதினாங்க. அதாவது 2024 வரம்புல ஐந்துல ஒரு பங்கு, டீம்லயே இல்லாத ஒருத்தருக்கு! வில்சன் அந்த சீசன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு ஆடினார். ஸ்டீலர்ஸ் கொடுத்தது 12.1 லட்சம். அவருக்கு உறுதியான 3.9 கோடியில் மீதியை டென்வர்தான் கொடுத்தது.