மரத் தேரும் யுத்த வண்டிகளும்

இரண்டாவது உலக யுத்த காலத்து மர விளையாட்டுச் சாமான்களைத் தேடிச் சேகரிப்போர் இன்று பல தேசங்களில் இருக்கின்றனர். டாங்கி, பீரங்கி வண்டி, ஆகாய விமானம் ஆகியவற்றின் பாகங்களை மரத்தில் அறுத்து, ஒரு வரைபடத்துடன் பெட்டியில் அடைத்து விற்றார்கள். வாங்கிய சிறுவன் அவற்றை இழைத்து, ஒட்டி, வர்ணம் பூச வேண்டும். பெரியவர்கள் பொருள் செலவிட்டு இத்தகைய பெட்டிகளை நாடுவது வீண் விநோதமென்று நம்மில் சிலர் நகைக்கக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை.

மரம் ஏன் வந்தது என்பதிலேயே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. 1942-ல் அமெரிக்க அரசாங்கம் உலோகத்தை யுத்தத்திற்கென ஒதுக்கி, விளையாட்டுச் சாமான்களுக்கு அது கிடைக்காதபடி செய்தது. மரமும் அட்டையுமே மிஞ்சின. அதே ஆண்டில் அந்நாட்டுக் கடற்படை, பள்ளிக்கூடச் சிறுவர்களிடம் 5 லட்சம் மர விமான மாதிரிகளைக் கேட்டது. ஆறடிக்கு ஓர் அங்குலம் என்பது அளவு. வானத்தில் தோன்றுவது நம்மவனா பகைவனா என்று பீரங்கிக்காரன் நிழலுருவைக் கண்டே அறிய வேண்டுமல்லவா? அதற்குப் பயிற்சியளிக்கவே அவை வேண்டப்பட்டன. பிள்ளைகளின் உளியும் அரமும் யுத்த சேவையில் சேர்ந்தன.

யுத்தம் முடிந்தபின் பிளாஸ்டிக் வந்து மரத்தை விரட்டிவிட்டது. ஜப்பானில் ஷிஜுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1946-ல் மர வியாபாரமாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, 1960-ல் 'யமாடோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. மரம் அறுத்தவர்களே மரத்தைக் கைவிட நேர்ந்தது! இன்று பிரிக்கப்படாத பெட்டிக்கே மதிப்பு அதிகம். ஒரு சிறுவனும் கை வைக்காததற்கு அதிக விலை என்பது நமக்குச் சற்று விபரீதமாகவே தோன்றுகிறது.

இவையெல்லாம் அந்நிய தேசத்துப் புதுமை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படை வகுத்த தமிழரின் யுத்த வாகனம் தேர். அதன் மர மாதிரி அக்காலத்துப் பிள்ளைகளின் கையில் இருந்தது. தச்சன் செய்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்தே பிள்ளைகள் மகிழ்வர் என்கிறது குறுந்தொகையின் 61-வது பாட்டு. பெரும்பாணாற்றுப்படையிலோ தச்சர் வீட்டுச் சிறுவர்களே அத்தகைய தேரைச் செய்கிறார்கள். பட்டினப்பாலை மூன்று சக்கரச் சிறுதேரைக் கூறுகிறது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுவது ஒரு பருவமாகவே அமைந்துவிட்டது.

அத்தேர்களில் ஒன்றேனும் எஞ்சியிருக்கிறதா? பாட்டு இருக்கிறது, பண்டம் இல்லை. வக்கீல் பாஷையில் சொன்னால், வாய்மொழிச் சாட்சியம் ஏராளம், தாக்கல் செய்யச் சான்றுப் பொருள் ஒன்றுமில்லை. கறையானும் வண்டும் பாதியைத் தின்றிருக்கும். பிள்ளைகளே மீதியை உடைத்திருப்பார்கள்.

கொல்லி மலையில் வாசலூர்பட்டிப் படகுத்துறையைக் காண்பதற்கு இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஜனங்கள் மோட்டாரில் ஏறுகிறார்கள். அது வல்வில் ஓரியின் மலை. அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த மலையமான் திருமுடிக்காரியோ, இரவலருக்குத் தேர் வழங்கியதனால் புகழ்பெற்றவன். அவன் தேர் இச்சரிவில் ஏறியிராது என்றே நாம் நினைக்கிறோம். ஆயினும், அந்தத் தேர் எப்படியிருக்குமென்று வாசலூர்பட்டிச் சிறுவன் ஒருவன் கேட்டால் காட்டுவதற்கு ஒரு மரப் பொம்மை வேண்டாமா?

ஆடி மாதந்தோறும் செம்மேட்டில் ஓரி விழா நடக்கிறது. அங்கே உள்ளூர்த் தச்சர்களைக் கொண்டு சிறுதேர் செய்வித்து, பிள்ளைகளுக்குத் துண்டுகளாகக் கொடுத்து, அவர்களையே பூட்டச் சொல்லலாம். ஒரு தேரையும் அதன் அளவுப் படத்தையும் மட்டும் பள்ளிக்கூடத்தில் வைக்கட்டும். வீட்டுப் பரணில் பழைய மர வண்டி வைத்திருப்போர் அதற்குப் புது வர்ணம் பூச வேண்டாம். ஈரமில்லாத இடத்தில் வைத்து, செய்தவர் யார், எந்த மரம், எந்த ஆண்டு என்று ஒரு சீட்டெழுதி உடன் வைத்தாற் போதும். அதைச் சொல்லத்தக்க முதியோர் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.